புதுச்சேரியிலிருந்து வடக்கா, தெற்கா? முதுகுப்பையோடு நாலு நாள்

புதுச்சேரிக்கு நண்பர்களோடு போவது என்று முடிவாக ஐந்து நிமிடம் போதும். வாதம் தொடங்குவது அதற்கு அப்புறம்தான். ஊரைச் சுற்றிப் பார்த்தபின் மிச்ச நாட்களை எங்கே கழிப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) வடக்கே ஏறி மரக்காணம், மாமல்லபுரம், கோவளம் என்று சென்னை வரை போகலாம். தெற்கே இறங்கிக் கடலூர், பிச்சாவரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று வேளாங்கண்ணி வரை போகலாம். எங்கும் நகராமல் புதுச்சேரியிலேயே ரூம் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் கிளம்பி இரவில் திரும்பலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கு ஒரு நாள் போக மூன்று நாள் மிச்சம் இருந்து, கூட வருபவர்கள் பஸ் மாறுவதற்குச் சலித்துக்கொள்ளாதவர்கள் என்றால், தெற்கு. குழுவில் இரண்டு பேராவது கடலில் இறங்க வேண்டும், அலைச்சறுக்கு கற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், வடக்கு. மொத்தமே இரண்டு நாள்தான் என்றால் நகராதீர்கள், புதுச்சேரியே போதும்.

புதுச்சேரியைப் பற்றி ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கடற்கரை நகரம் என்று நம்பி வந்து, பீச் ரோட்டில் இறங்கியதும் குளிக்க மணலைத் தேடுபவர்கள் நிறைய. அங்கே பெரும்பாலும் இருப்பது கருங்கல். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். வந்த மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் தேங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரத்துக்கு மணல் வரத்து நின்றுபோய், இருந்த கரையையும் கடல் தின்றது. மிஞ்சிய சாலையைக் காப்பாற்றத்தான் கல்லைக் கொட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கரை அரிப்போ வடக்கே நகர்ந்து, பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் கிராமங்களைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கரையில் நின்று படம் எடுக்கும்போது இடிந்த வீடுகள் கண்ணில் பட்டால், காரணம் இதுதான்.

ஆக, பீச் ரோடு நடப்பதற்கு. மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் ஒரே நீளத்தில் வரும். இரவு பதினொரு மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, அந்தக் கல் வரிசையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடான இலவசப் பொழுதுபோக்கு இந்தக் கரையில் வேறு இல்லை.

மணலும் குளியலும் வேண்டுமென்றால் சுண்ணாம்பாற்றில் படகு ஏறி பாரடைஸ் பீச், அல்லது வடக்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டி செரினிட்டி பீச். செரினிட்டி தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. அலைச்சறுக்குப் பள்ளிகளும் அங்கேயே இருக்கின்றன.

புதுச்சேரியிலேயே தங்கிவிடுவதில் உள்ள சௌகரியம், பையை ஒரே இடத்தில் இறக்கிவைக்கலாம் என்பது. வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் ஆரோவில், ஊசுடு ஏரி, அரிக்கமேடு எல்லாம் அரை நாள் சங்கதி. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். உள்ளே போய் அமர நாள் கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும், கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அரிக்கமேட்டுக்குப் பெரும்பாலான குழுக்கள் போவதே இல்லை. ரோமாபுரியோடு வாணிபம் நடந்த இடம், 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். இன்று அங்கே தென்னையும் மாமரமும், பிற்காலத்துக் கட்டடம் ஒன்றின் செங்கல் தூண்களும்தான். பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்றாலும், எனக்கு அந்த ஆற்றங்கரை பிடிக்கும்.

இந்த வழியின் குறை செலவு. வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை அறை வாடகை எகிறிவிடும், அதே அறை திங்களன்று கேட்டால் பாதிக்குக் கிடைக்கலாம். அரவிந்தர் ஆசிரம விடுதிகள் சுத்தமானவை, வாடகையும் கட்டுப்படியாகும், சிலவற்றின் தோட்டம் நேராகக் கடலைப் பார்க்கும். ஆனால் மதுவும் புகையும் கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். நடுநிசி வரை ஊர் சுற்றும் குழுவுக்கு ஒத்துவராது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜ்களும், வெள்ளையர் பகுதியிலும் செரினிட்டி பக்கத்திலும் இருக்கும் ஹாஸ்டல்களும் மாற்று. ஆண்கள் மட்டும் வரும் குழு என்றால் சில இடங்களில் தயங்குவார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் எத்தனை பேர், யார் யார் என்று போனில் சொல்லிவிடுவது மேல்.

சரி, வடக்கு.

இந்த வழியின் பெரிய பலம் பேருந்து. ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகும் வண்டிகள் நாள் முழுக்கக் கிடைக்கும். மாமல்லபுரம் 95 கிலோமீட்டர் போல, சென்னை 150. பல வண்டிகள் மாமல்லபுரம் ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடும், அங்கிருந்து பையோடு நடக்க வேண்டும் அல்லது ஆட்டோ. இடையில் உள்ள இடங்களுக்கு இறங்கி ஏறுவதுதான் கஷ்டம். சனி ஞாயிறில் வழியில் கைகாட்டினால் நிற்கும் வண்டியில் நிற்கக்கூட இடம் இருக்காது.

இடையில் ஒரே ஒரு இடத்தில் இறங்க முடியும் என்றால் ஆலம்பரை. கடப்பாக்கத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். உப்பங்கழி ஓரத்தில் சிதைந்த செங்கல் கோட்டை. 1750இல் ஹைதராபாத் ஆட்சிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்டார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான் கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்திருந்தார்கள். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அந்தச் சண்டையின் ஒரு பாதி இடிபாட்டைப் பார்த்துவிடுவீர்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகுப்பைக்காரர்களுக்குத் தேவையானது ஒத்தவாடைத் தெரு: சின்னச் சின்ன விடுதிகள், மாடி உணவகங்கள், வெளிநாட்டவர் கூட்டம், கூப்பிடு தூரத்தில் மீனவர் குப்பம். 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்த கடல் இது. உள்ளூர் மீனவப் பிள்ளைகள் பலர் அலைச்சறுக்கில் தேர்ந்து, பயிற்சியாளர்களாகவும் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் போனால், பலகை மேல் குப்புறப் படுக்கவைத்து, மணலிலேயே பலமுறை எழுந்து நிற்கப் பழக்கிவிட்டுத்தான் தண்ணீருக்குள் விடுவார்கள். முதல் நாளிலேயே நுரை அலையில் சில நொடி நின்றுவிடலாம். நண்பர்களில் ஒருவர் நிற்கும்போது கரையில் மற்றவர்கள் போடும் கூச்சல் இருக்கிறதே, அதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். ஆனால் கோயிலை ஒட்டிய கடலில் இழுப்பு அதிகம், பயிற்சியாளர் காட்டும் இடத்தைத் தாண்டி இறங்கவே கூடாது.

பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. புலிக்குகைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் அதை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறார்கள். இன்னும் வடக்கே முதலைப் பண்ணை, கோவளம், முட்டுக்காடு. ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் சென்னையில் தன்னார்வ மாணவர்கள் நடத்தும் ஆமை நடை இருக்கும். முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி நள்ளிரவில் கடற்கரையோடு பல கிலோமீட்டர் நடப்பது. ஆமை கண்ணில் படும் என்ற உத்தரவாதம் கிடையாது. நண்பர்களோடு போக அதைவிட நல்ல இரவை என்னால் சொல்ல முடியவில்லை.

வடக்கில் எனக்குள்ள குறை ஒன்றுதான். மாமல்லபுரத்தைத் தாண்டியதும் கடல் மறைந்துவிடுகிறது. சாலையின் பெயரில்தான் கடற்கரை இருக்கிறது. கண்ணில் படுவது ரிசார்ட் சுவர், பங்களா சுவர், பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரப் பலகை. அப்புறம் அது சென்னைக்குள் போகும் பயணம், அவ்வளவே.

தெற்கே போகும் நெடுஞ்சாலையும் கடலைக் காட்டாது. ஊர்களும் வயலும்தான் வழி நெடுக. ஒவ்வொரு கடலோர ஊருக்கும் பெரிய ஊரில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். இதை அலுப்பாக நினைப்பவர்களுக்கு தெற்கு சரிப்படாது. எனக்கு அதுதான் அதன் சுவையே. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சாதாரண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், தோழிகள் இருக்கும் குழுவுக்குச் செலவும் குறையும்.

கடலூர் 22 கிலோமீட்டர்தான், அரை நாள் போதும். தேவனாம்பட்டினத்து சில்வர் பீச் அகலமான, நீளமான மணல். புதுச்சேரியில் கல்லைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அதன் அருமை புரியும். பக்கத்தில் கெடிலம் ஆற்றோரம் புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690இல் ஆங்கிலேயர் இதை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் தங்களுடையது என்பது பேரத்தில் இருந்தது. அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள் என்று அழைக்கப்பட்டன. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபின் சில ஆண்டுகள் ஆங்கிலேயரின் தலைமையிடமே இதுதான்.

அடுத்த இரவு சிதம்பரம். பிச்சாவரம் அங்கிருந்து 15 கிலோமீட்டர் போல. காலையில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்துகொள்ளும். படகுத்துறையில் மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. நாலைந்து பேர் என்றால் யோசிக்காமல் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடும். துடுப்புப் படகுதான் குறுகிய ஓடைகளுக்குள் நுழையும்.

அந்த ஓடைக்குள் போனதும் முதலில் வெயில் போய்விடுகிறது. இரு கரை மரங்களும் மேலே கைகோத்துக்கொள்ள, படகுக்காரர் "தலையைக் குனிங்க" என்கிறார். சுரபுன்னையின் வேர்கள் கிளையிலிருந்தே கிளம்பி வளைந்து சேற்றில் கால் ஊன்றியிருக்கின்றன. வேரில் ஒரு மட்டம் வரை ஈரக் கறுப்பு, அதற்கு மேல் உலர்ந்த சாம்பல் நிறம்: நீர் ஏறி இறங்கும் அளவு அது. அந்தக் கோட்டுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள், நிழல் பட்டதும் வேரின் மறுபக்கம் போய்விடுகின்றன. துடுப்பை நிறுத்தினால் சேற்றுக் குமிழி உடைவதுகூடக் கேட்கும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டில்தான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எந்தக் கிளையையும் ஒடிக்காதீர்கள். 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. தண்ணீர் பாட்டிலைக் கரையிலேயே போட்டுவிட்டு வரும் கூட்டத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சிதம்பரத்தில் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் கொத்சு. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், சம்பா சாதத்தோடு சாப்பிட்டால் இன்னும் விசேஷம்.

சீர்காழியில் இறங்கினால் பூம்புகாருக்கு டவுன் பஸ். சிலப்பதிகாரம் படித்த நண்பர் ஒருவர் கூட இருந்தால் போங்கள், கலைக்கூடத்தின் சிற்பங்களைக் காட்டிக் கதை சொல்ல அவர் வேண்டும். இல்லையென்றால் நேராகத் தரங்கம்பாடி.

தெற்கு வழியை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஊர்தான். 1792இல் கட்டிய வாசல் ஒன்றுக்குள் நுழைந்ததும் ஒரே தெரு, தேவாலயங்களையும் பழைய வீடுகளையும் தாண்டி நேராகக் கடலில் போய் முடிகிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கரையிலேயே நிற்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குதான் தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஐச் சேர்ந்தது. கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் மாலை நாலு மணிக்கு வந்து இருட்டும்வரை இருங்கள். கடைகள் குறைவு, கூட்டம் குறைவு, கோட்டை மதிலுக்கும் அலைக்கும் நடுவே உட்கார இடம் தாராளம்.

தங்குவதற்கு மட்டும் அங்கே வழி குறைவு. இருப்பதும் விலை கூடியது. 15 கிலோமீட்டர் தாண்டிக் காரைக்காலில் ரூம் போடுங்கள். மீண்டும் புதுச்சேரி ஆட்சிப் பகுதி, லாட்ஜ்கள் நிறைய, கடற்கரையும் விரிந்தது. அங்கிருந்து நாகூர் தர்காவுக்கு மாலையில் போகலாம். ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். வியாழன் இரவு என்றால் எல்லா மதத்தவரும் கூடுவார்கள். தெருவில் மேலே இறால் பதித்துப் பொரித்த வாடா விற்பார்கள். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் ருசி பாதிதான்.

நாகப்பட்டினம் கரையில் நிற்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்கு ஒருவரைக் கொடுத்த குப்பங்கள் இவை. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் நாகப்பட்டினம் வரை அறை கிடைக்காது. இன்னொரு நாள் இருந்து, மாதமும் நவம்பர் கடைசிக்கும் பிப்ரவரிக்கும் இடையே என்றால், கோடியக்கரையில் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டு வரலாம்.

கோயில், தர்கா, தேவாலயம் என்று தெற்கு யாத்திரை ஊர்களாகவே இருப்பதால் இரவு வாழ்க்கை கிடையாது. ஒன்பதரைக்குத் தெரு அடங்கிவிடும். ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்குச் சில லாட்ஜ்கள் அறை தர மறுக்கலாம். புதுச்சேரியிலும் ஒத்தவாடைத் தெருவிலும் அந்தத் தொல்லை குறைவு. பார்ட்டி வேண்டும் என்கிற குழுவைத் தெற்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், இரண்டாம் நாளே முகம் தூக்கிவிடுவார்கள். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டுவது எந்தத் திசையிலும் வேண்டாம். வடக்கே கனகசெட்டிக்குளம், தெற்கே முள்ளோடை என இரு பக்கமும் சோதனை உண்டு. வாடகை ஸ்கூட்டரிலேயே இந்தத் தூரங்களை ஓட்டலாமே என்று யாராவது கிளம்பினாலும் தடுத்துவிடுங்கள். ஈ.சி.ஆரின் வேகம் ஸ்கூட்டருக்கானது அல்ல, பல கடைக்காரர்கள் வண்டியை ஊர் எல்லைக்குள்தான் அனுமதிக்கிறார்கள்.

எப்போது போவது என்பதும் திசையை மாற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு பக்கமும் ஆபத்துதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், பெரிய மீன் குறைந்து விலை ஏறும். மீன் சாப்பிடுவதற்காகவே தெற்கே போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம். வெயிலும் அப்போது உச்சம். பிச்சாவரமும் தரங்கம்பாடியும் நன்றாக இருப்பது பொங்கலுக்குப் பிறகு, மார்ச் நடுப்பகுதி வரை. அலைச்சறுக்கில் ஓரளவு பழகியவர்களுக்கு ஆண்டின் நடுப்பகுதியில்தான் நல்ல அலை. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் விடுப்பு கிடைத்தால் நானே வடக்கைத்தான் சொல்வேன்.

திரும்பும் வழியை மட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வடக்கில் அந்தக் கவலை இல்லை, சென்னையில் போய் முடிந்துவிடும். தெற்கில் காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர் வழியாகச் சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. படுக்கை டிக்கெட்டை நாள் முடிவானதுமே போட்டுவிட வேண்டும், ஞாயிறு இரவுக்குக் கடைசி நேரத்தில் கிடைக்காது. மதுரை, கோவைப் பக்கத்துக்காரர்கள் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, அங்கே மாறிக்கொள்ளலாம்.